வளைகாப்புக்குக் குறுக்கே வந்த காஸ் பில்

ஒரகடம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கொம்பையா அவர்களின் சமூகத்துக்கு, சுப்பராயன் பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் மனைவி கோவிந்தம்மாவும், தங்கள் மருமகளாகிய எங்கள் மகள் இசைவாணியும், அவள் வயிற்றில் இருக்கும் தங்கள் பேரப்பிள்ளையும் வல்லக்கோட்டை முருகன் தயவில் சௌக்கியமாக இருக்கிறோம். தங்கள் மகன் சக்திகுமாருக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட், ஆகவே அவரும் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா பேச்சியம்மாளும், சினையாக இருப்பதாகச் சொன்ன பசுவும் அதே சௌக்கியத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்காகக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் என் குரல் நடுங்குவது தங்களுக்குத் தெரிந்துவிடும். கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் நடுங்கும். அதற்கு வயது என்று சொல்லிக்கொள்ளலாம். விஷயம் வேறொன்றுமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்திருக்கும் இசைவாணியின் வளைகாப்பு சம்பந்தமாக ஒரு சின்ன வேண்டுகோள். அதை நேராகச் சொன்னால் தாங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால், நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக்குக் குழாய் காஸ் வந்த சேதி தங்களுக்குத் தெரியும். போன தடவை தாங்கள் வந்திருந்த அன்றைக்கே தங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அடுப்பைத் திருகிக் காட்டினேன். இனிமேல் சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருக்கும் என்று சொன்னேன். அந்த நம்பிக்கையில் பழைய சிலிண்டரையும் ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோவிந்தம்மா அப்போதே, "ஒண்ணாவது வூட்ல கெடக்கட்டுமே, அது இன்னா சோறா கேக்குது?" என்றாள். நான் கேட்கவில்லை. பிறகு பில் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். சம்பந்தி, வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்குச் சர்க்கரை, ஆகவே காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி இரண்டு சப்பாத்தி. இந்தத் தொகைக்குச் சமைக்க வேண்டுமென்றால் நான் தினமும் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாம்பார் வைத்திருக்க வேண்டும்.

முதலில் எங்கேயோ கசிகிறது என்று நினைத்தேன். பணம் போவது ஒரு பக்கம், வீடே வெடித்துவிட்டால் என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு வேலை மோந்து பார்ப்பதுதான். சோப்பை நுரைத்துக் குழாய் நெடுக பிரஷ்ஷால் தடவினேன், குமிழ் எதுவும் வரவில்லை. "இன்னாங்க இது, பூனை கணக்கா செவுத்தை மோந்துகினு நிக்கிறீங்க?" என்று கோவிந்தம்மா கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இசைவாணி வந்திருந்த நேரம், முட்டை அழுகியது போல ஒரு நாற்றம் குப்பென்று வந்தது. காஸில் அப்படி ஒரு வாடையைக் கலந்திருப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன், கர்ப்பிணிப் பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கினேன், படியில் நின்று "கேஸ்! கேஸ்!" என்று கத்தினேன். கட்டடமே ரோட்டுக்கு வந்துவிட்டது. தலையில் எண்ணெய் வைத்தவர், துண்டு கட்டியவர், பூஜையில் இருந்தவர், எல்லோரும். கடைசியில்தான் மேல்வீட்டுப் பெண்கள் இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கையில் தோசைத் திருப்பியோடு, "மாமா, அது கேஸ் இல்ல, கருவாடு" என்றாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகும் வருவாள். பெயர் சந்தனமாரி. தங்கள் பக்கத்துப் பெண்தான், கழுகுமலை. மேல்வீட்டை அவளும் அவள் கூட்டாளிப் பெண்களுமாக எட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் போன் தயாரிக்கும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்க்கிறவர்கள். மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருப்பதால் அந்த வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருத்தி சமைத்துக்கொண்டிருப்பாள்.

கசிவு இல்லையென்றால் நாங்கள்தான் அதிகம் எரிக்கிறோம் போல என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வெந்நீரை நிறுத்தினேன். காபியைக் காலையில் ஒரே தடவை போட்டுப் பிளாஸ்கில் ஊற்றச் சொன்னேன். பருப்பை முதல் நாளே ஊறப்போடச் சொன்னேன். குக்கர் இரண்டாவது விசில் அடித்தால் ஓடிப்போய் அணைப்பேன். அரைவேக்காட்டுத் துவரம்பருப்பைத் தின்று எனக்கு வயிறு ஊதியதுதான் மிச்சம். அடுத்த பில் வந்தது, முந்தையதைவிடக் கூட! கோவிந்தம்மா பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூழு காய்ச்சாததுக்கும் துட்டு போட்டுகிறான் பாரு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே எனக்குப் பிடிக்குமென்று ஒரு அண்டா வெந்நீர் வைத்தாள்.

பிறகு போராட்டத்தில் இறங்கினேன். போன் செய்தால் ஒரு குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லும், பில்லுக்கு மூன்றை அழுத்தச் சொல்லும், அழுத்தினால் பாட்டுப் போடும். பாட்டு முடிந்தால் லைன் போய்விடும். அதனால் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கே பஸ் ஏறிப் போனேன். கவுண்டரில் மெர்சி என்று ஒரு பெண். மரியாதையான பெண்தான். கம்ப்யூட்டரைத் திருப்பி மீட்டரின் போட்டோவையே காட்டினாள். "ரீடிங் கரெக்டா இருக்கு பாருங்க சார். உங்க நம்பர்தானே?" நம்பர் என்னுடையதுதான். "அம்மா, நாங்க ரெண்டு பேர்தாம்மா" என்றேன். "வீட்டுக்கு கெஸ்ட் யாராவது வந்திருப்பாங்க சார்" என்றாள். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டுவதற்குள் போனுக்குச் செய்தி வந்துவிட்டது: தங்கள் புகார் தங்களுக்குத் திருப்தி அளிக்கும் வகையில் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்கவும். நான் நட்சத்திரமும் வழங்கவில்லை, பணமும் கட்டவில்லை. நியாயம் கிடைக்கும்வரை கட்டுவதில்லை என்று இருந்துவிட்டேன். வெளியே வீரமாகத்தான் இருந்தேன். ஆனால் கீழே பைக் சத்தம் கேட்டாலே, காஸைத் துண்டிக்க ஆள் வந்துவிட்டானோ என்று ஜன்னலுக்கு ஓடுவேன்.

போன வாரம் அந்தப் பைக் வந்தேவிட்டது. கம்பெனி ஆள் இறங்கினார், கீழே சுவரில் வரிசையாக இருக்கும் மீட்டர்களில் என் நம்பர் ஒட்டியிருந்ததைப் பார்த்து வால்வை மூடினார், சீல் வைத்தார், "கட்டிட்டு போன் பண்ணுங்க சார், தொறந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வளைகாப்புக்கு எட்டு நாள்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க என் மீட்டருக்கு சீல்! தங்கள் முகமும் சம்பந்தியம்மாவின் முகமும் கண் முன்னால் வந்தன. படியேறி வீட்டுக்குள் போய்க் கோவிந்தம்மாவிடம், "முடிஞ்சி போச்சும்மா, கட் பண்ணிட்டான்" என்றேன். கண்ணீரே வந்துவிட்டது. அவள் என்னையும் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள். "இன்னாத்த கட் பண்ணான்? பால் பொங்கிகினு கீது, தள்ளுங்க" என்றாள்.

அடுப்பு எரிகிறது, சம்பந்தி! நீல நிறத்தில், ஜம்மென்று.

நான் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது கதவைத் தட்டினாள் சந்தனமாரி. கையில் அரிசிப் பானை. "மாமா, ஒங்க வீட்ல கேஸ் வருதா? எங்களுக்குப் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. சோறு பாதி வெந்தும் வேகாம கெடக்கு, நைட் ஷிப்ட் முடிச்ச பிள்ளைக எல்லாம் பசியோட உக்காந்திருக்கு" என்றாள். எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. குழாய் மாட்டிய அன்றைக்கே நம்பரை மாற்றி ஒட்டிவிட்டார்கள். என் நம்பர் ஒட்டிய மீட்டர் மேல்வீட்டுக்கு ஓடுகிறது, அவர்கள் நம்பர் ஒட்டிய மீட்டர் எனக்கு. எட்டுப் பெண்கள் மூன்று ஷிப்டும் ஆக்கிய சோற்றுக்கு எனக்கு பில். நான் குடித்த கூழுக்கு அவர்களுக்கு பில்! "எங்களுக்கு ரொம்பக் கொறச்சலாத்தான் மாமா வரும். குழாய் கேஸ் சல்லிசு போலன்னு நெனைச்சோம்" என்றாள் அந்தப் பெண். பொய் சொல்கிற முகம் இல்லை.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். கோவிந்தம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "வெள்ளிக்கெழம வரைக்கும் கம்முனு இருங்க. நம்ம அடுப்பு எரியுதில்ல, விசேஷம் முடியட்டும்" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் அப்படிச் சொன்னவள் மறு நிமிடமே அந்தப் பானையை வாங்கி எங்கள் அடுப்பில் ஏற்றினாள். பிறகு குழம்பு வைத்தாள். பிறகு அப்பளம் பொரித்தாள். அந்தப் பெண்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தபோது, எனக்கு வைத்த சீல் இவர்கள் அடுப்பை அணைத்திருக்க, அது நம் சீல் இல்லையென்று வைத்துக்கொண்டு என்னால் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்க முடியாது என்று தோன்றியது. சந்தனமாரியையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஆபீசுக்குப் போனேன்.

விளக்கிச் சொன்னதும் மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அதிகாரியே எழுந்து வந்தார், எனக்கு நாற்காலி போட்டார், என் பில்லை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார். நான் அதோடு எழுந்திருக்கவில்லை. "இந்தப் பொண்ணுங்க மேல மொத்தமா எழுதினீங்கன்னா நான் இங்கேயே உக்காருவேன். தப்பா ஒட்டினது நீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும் என்று ஒத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தபோதுதான் அவர் சொன்னார்: "மீட்டர் மாறியிருக்குறது தெரிஞ்சும் லைனை ஓட விட்டா எனக்கு வேலை போயிடும் சார். ரெண்டு வீட்டையும் மூடிட்டு, டெக்னிக்கல் டீம் வந்து செக் பண்ணித்தான் தொறப்பாங்க. ஒரு பத்து நாள்." சொன்னபடியே மறுநாள் மூடிவிட்டார்கள்.

ஆகவே தற்போதைய நிலவரம்: நியாயம் என் பக்கம், அடுப்பு இரண்டு பக்கமும் இல்லை. சிலிண்டரையோ நானே கொடுத்துவிட்டேன். ஓட்டலில் வாங்கிப் போட்டால், ஒரே பெண்ணின் வளைகாப்புக்குக்கூடச் சமைக்கவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள். கலந்த சாதம் ஐந்து வகை என்று பத்திரிகை மாதிரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரியில் தூக்கம் இல்லை. எனவே அடுத்த முகூர்த்தத்துக்கு விழாவைத் தள்ளிவைக்கத் தாங்கள் பெரிய மனது பண்ண வேண்டும். காரணம் கேட்டால் எனக்கு முட்டிவலி என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடவும். காஸ் விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

தங்கள் குடும்பமும் கொல்லையும் செழித்து, பசு நல்லபடியாக ஈன்று, எல்லோர் வீட்டு அடுப்பும் தடையின்றி எரிய வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட,
சுப்பராயன்.

பி.கு.: கூரியர் கவரை ஒட்டப்போகும் சமயம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெரிய அடுப்பும், இரண்டு அண்டாவும், ஒரு சமையல்காரரும், பிறகு தாங்களும் சம்பந்தியம்மாவும் இறங்கினீர்கள். "மதினி, அடுப்ப மொட்டை மாடிக்கு ஏத்திரலாமா?" என்று சம்பந்தியம்மா கோவிந்தம்மாவைக் கேட்கிறார்கள். கருவாட்டு நாற்றத்தில் தொடங்கி நேற்று வரைக்கும் எல்லாவற்றையும் இசைவாணி தினமும் போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாளாம். மேல்வீட்டுப் பெண்கள் தேங்காய் உரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதியிருப்பதில் ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தற்சமயம் தாங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு, "என்ன சம்பந்தி, நாங்க வந்தது முதக்கொண்டு குனிஞ்ச தலை நிமிராம எழுதுதீக?" என்று கேட்கிறீர்கள். காஸ் கம்பெனிக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.