பெரிய காரணக்காரர்

சின்னக் காரணம் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, அலுவலகத்திலோ, மாடிக் குடித்தனத்திலோ நிச்சயம் ஒருவர் இருப்பார். விளக்கு எரியவில்லை என்றால் பல்பைத் தொட மாட்டார். வாசலுக்குப் போய் மின்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். குழந்தை இருமினால் தண்ணீர் கொடுக்க மாட்டார். பரம்பரையை விசாரிப்பார், அதுவும் மனைவி வழிப் பரம்பரையை. கதவு கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்று நமக்குத் தோன்றும். அவருக்கோ வீட்டின் அஸ்திவாரமே ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். இவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டாளுக்கு இவ்வளவு விஷயம் தெரியாது.

நாம் பார்க்கப்போகிறவர் அந்த இனத்தில் நன்கு விளைந்த ஒருவர். குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர். குழாய், வால்வு, அழுத்தம் என்று வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். வீட்டில் ஒரு பழைய வேன் உண்டு. அதை ஓட்டுவது பெரும்பாலும் அவருடைய மனைவிதான். பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஒரு நாள் மாலை அந்த அம்மாள் வீட்டுக்குள் வந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, வலது தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, வண்டியில ஸ்டீயரிங் ரொம்ப இறுகிப்போச்சு. ஒரு திருப்பம் திருப்பறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு வந்துடும்போல இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் கீழே போய் பானட்டைத் திறந்திருப்பார்கள். இவர் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசாரணை தொடங்கியது.

"எப்போலேர்ந்து?"

"ஒரு வாரமா."

"இடது பக்கம் திருப்பறப்பவா, வலது பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

"நீ எப்படிப் பிடிக்கிறே?"

"கையாலதான்."

அந்தப் பதிலில் இருந்த குறும்பைப் பொருட்படுத்தாமல் அவர் கீழே இறங்கிப் போனார். வேனில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. இன்னொரு முறை திருப்பினார். இன்னொரு முனகல். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டரைப்போலக் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார்.

"பம்ப் போயிடுச்சு."

பம்ப் என்றால் ஸ்டீயரிங்குக்கு எண்ணெயை அழுத்தி அனுப்புகிற உறுப்பு. அழுத்தம் என்று வந்துவிட்ட பிறகு அவரிடம் வேறு யார் பேச முடியும்? மனைவி பேசிப் பார்த்தாள்.

"எங்க வார்டுல குழந்தை விடாம அழுதா, முதல்ல துணி நனைஞ்சிருக்கான்னுதான் பாப்போம். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிடுவோம். ஆயில் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"இது குழந்தை இல்ல. ஹைட்ராலிக்."

"வண்டி நிக்கிற இடத்துல தினமும் ஈரமா இருக்கு. அட்டை போட்டு வச்சிருக்கேன், பாருங்க."

"ஏசி தண்ணி."

"சிவப்பா இருக்கே."

"துருத் தண்ணி. நான் பாக்காத துருத் தண்ணியா?"

இதற்குமேல் என்ன சொல்வது? இருபது வருஷமாக ஊருக்கே துருத் தண்ணி விநியோகித்தவர் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பம்ப் வந்தது. மனைவியின் தம்பியும் கூடவே வந்தான். இந்தத் தம்பிக்கு ஒரு லாரி கம்பெனியில் வேலை. சொல்வதைச் செய்துவிட்டுச் சாப்பிட்டுப் போகிற நல்ல பிள்ளை. இருவருமாகப் பழைய பம்ப்பைக் கழற்றுவதற்குள் மதியமாகிவிட்டது. தம்பி ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, இதுல ஆயிலே இல்ல. அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

பெரிய காரணக்காரரின் முழுத் திறமையும் இப்படிப்பட்ட தருணத்தில்தான் வெளிப்படும். உண்மை நேரே வந்து கதவைத் தட்டும், அவர் திறப்பார், உட்காரவைத்து உபசரிப்பார், பிறகு அதற்குத் தானே ஒரு பெயர் வைத்து அனுப்பிவிடுவார்.

"பாத்தியா மாப்பிள்ளை? பம்ப் அத்தனையையும் குடிச்சிருக்கு."

குடித்த பம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குடிக்காத பம்ப்பைப் பொருத்தி, டப்பா நிறையப் புது ஆயில் ஊற்றி, உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறும்வரை சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார்கள். ஸ்டீயரிங் பூப்போலச் சுழன்றது. ஆயில் ஊற்றினால் சுழலாதா என்று நீங்களும் நானும் கேட்கலாம். அங்கே கேட்க ஆளில்லை. அந்த வாரம் முழுக்க அவர் அலுவலகத்தில் பம்ப்பைப் பற்றிப் பேசினார், முடிவெட்டும் கடையில் பேசினார், வாரியத்தின் பெரிய அதிகாரி லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது அவரிடமும் பேசினார். தரையில் கிடந்த அட்டையில் சிவப்பு வட்டம் மட்டும் தன் பாட்டுக்குப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பியபோது சக்கரம் பாதியில் முரண்டு பிடித்தது. அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி கேட்டுக்குள் போகாமல் கேட்டுக்குப் பக்கத்தில் போயிற்று. அங்கே காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நல்லவேளையாகக் காவலாளி அப்போதுதான் எழுந்து சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். சல்யூட் அப்படியே நிற்க, நாற்காலி நாலு துண்டாயிற்று.

யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக் குழந்தைகளை ஏந்துகிறவள் அன்று மாலை தம்பிக்குப் போன் செய்து வண்டியை எடுத்துப் போகச் சொன்னாள். தம்பி போய், ஒரு டப்பா ஆயில் வாங்கி ஊற்றி, வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தான். அவள் ஆட்டோவில் வந்தாள்.

"இனிமே நான் இந்த வண்டியைத் தொட மாட்டேன்," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் பேப்பரை மடிக்காமலே கீழே வைத்தார். அந்த நாற்காலியில் ஆள் இருந்திருந்தால்? இவளே கம்பத்தில் மோதியிருந்தால்? அருகில் போய் உட்கார்ந்து தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. இந்த இனத்துக்கு ஒரு சாபம் உண்டு. பயம் வந்தாலும் அது விளக்கமாகத்தான் வெளியே வரும்.

"ராக்தான்," என்றார். "சக்கரத்தைத் திருப்பற பெரிய தண்டு. அடியில இருக்கு. அதுதான் உள்ளுக்குள்ள போயிடுச்சு."

"மாமா, ஆயில் ஊத்தினதும் லேசாயிடுச்சே," என்றான் தம்பி.

"அது அறிகுறிக்கு மருந்து, மாப்பிள்ளை. நோய்க்கு இல்ல."

ஞாயிறு காலை வேன் ஜாக்கியிலும் மரக்கட்டைகளிலும் ஏறி நின்றது. தம்பிக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டது, அல்லது வந்துவிட்டதாகச் சொன்னான். அவர் தனியாகவே பாயை விரித்து, ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி, வண்டிக்கு அடியில் புகுந்தார். ராக்கை ஆராய்வதற்காக டார்ச்சை உயர்த்தினார்.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

துடைத்தார். விரல் சிவப்பாக இருந்தது, வழுக்கியது. மேலே பார்த்தார். எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் குழாயின் நுனியில், அதை இறுக்கிப் பிடிக்கவேண்டிய சின்னக் கிளாம்ப் வளையம் தளர்ந்துபோய், கழுத்தில் தொங்கும் மாலை மாதிரி சும்மா கிடந்தது. அதற்கும் குழாய்க்கும் நடுவில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

இருபது வருஷம் குழாய்களோடு வாழ்ந்தவர். பார்த்த கணத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. முனகல், அட்டை, காலி டப்பா, குடிகாரப் பம்ப், நாற்காலி, எல்லாம் இந்த ஒரு வளையம். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினார். இறுகியது. சொட்டு நின்றது.

முடிந்தது.

இனி என்ன செய்வார்? வெளியே வந்து, "ஒரு கிளாம்ப்தான் தளர்ந்திருந்தது" என்று சொல்வாரா? ஒரு பம்ப்பை மாற்றிய பிறகா? வண்டியைக் கட்டைமேல் ஏற்றிய பிறகா? அவர் அங்கேயே படுத்துக்கொண்டார். வேலைக்கு உரிய கௌரவம் கிடைக்க வேண்டுமே. அவ்வப்போது ஒரு ஸ்பானரை எடுத்து இன்னொரு ஸ்பானரின்மேல் தட்டினார். நடுவில் ஒருமுறை, "ஸ்ஸ், அப்பா" என்றார். பாய் குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் நின்றது. வேறொரு சத்தம் சீராக வரத் தொடங்கியது.

மனைவி காபியோடு வந்தாள். நீட்டிக்கிடந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். குனிந்து உள்ளேயும் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தரையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கால்கள் துள்ளின.

"ரொம்பக் கஷ்டமோ?"

"சாதாரண ஆள் தொட முடியாது," என்றது வண்டி.

சாயங்காலம் அவர் வண்டியை இறக்கி, டப்பாவை நிரப்பி, தானே தெருவைச் சுற்றி வந்தார்; ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இறங்கி, குனிந்து, குழாயை விரலால் தடவிப் பார்த்தார். அவள் வாசலில் நின்று அதையும் பார்த்தாள். பிறகு அவர் சாவியை நீட்டினார்.

"இப்ப பயமில்ல. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவள் ஏறினாள். முதல் திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், அவரும்தான். இரண்டாவது திருப்பத்தில் ஒரு கை போதுமாக இருந்தது.

"ராக்கா?" என்று கேட்டாள், சாலையைப் பார்த்தபடி.

"ராக் பக்கம்தான்."

"பக்கத்துல என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கடைப் பலகையைப் படித்தார். அதற்குப் பக்கத்துப் பலகையையும் படித்தார். "ஒரு கிளாம்ப்," என்றார். அவள் வாய் திறக்குமுன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா அது ஏன் தளர்ந்துச்சுன்னு யோசிக்கணும். தானா தளராது. இன்ஜினே அதிருது. இன்ஜினைத் தாங்கற மவுண்டிங் போயிருக்கணும்."

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி கொஞ்சம் வளைந்து போனது. ஸ்டீயரிங்கின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

உங்கள் மாமாவை நினைத்துத்தானே இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்? நினைக்கலாம், தப்பில்லை. ஆனால் போன வாரம் சிநேகிதர் போனை எடுக்காதபோது, அவர் மனதில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று ராத்திரி முழுக்க ஆராய்ந்தது யார்? அவர் குளித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியதா? போகட்டும். கடைசியாக ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு எழுதியவர் வெறும் ஒரு கிளாம்ப்பைப் பற்றியா எழுதியிருப்பார், இதற்குள் வேறேதோ பெரிய உள்ளர்த்தம் இருக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதா?

தோன்றினால், வேனுக்கு அடியில் வந்து அவர் பக்கத்தில் படுங்கள். பாயில் இன்னொருவருக்கும் இடம் இருக்கிறது.