ஃபார்கோ வரைக்கும் போகாத வண்டி

"ஃபார்கோ வரைக்கும் போக வக்கில்லாத வண்டி அரிசோனாவுக்கு எப்படிப் போகும்? சொல்லு செல்மர், தள்ளிக்கிட்டே போவியா?"

"கத்தாதே ஆர்டிஸ். தெருவே பாக்குது."

"பாக்கட்டும். இழுவை வண்டி பின்னாடி தொங்கிக்கிட்டு வந்ததையும்தான் பாத்தாங்க."

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஜூன் மாதச் சாயங்காலம் எல்லார் வீட்டுப் புல்லுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேவைப்பட்டுவிட்டது.

செல்மர் ஆயுசெல்லாம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார். "இன்னொரு மினசோட்டா குளிர் இந்த நுரையீரலுக்கு ஆகாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெயில் காயும் அரிசோனாவில் அவருடைய தம்பி வெர்ன், மனைவியை இழந்தவர், பக்கத்து வீட்டைக்கூடப் பேசி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மனைவி ஆர்டிஸ் முடியாது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, எல்லார் எதிரிலும், பக்கத்து நகரமான ஃபார்கோவை வைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "உன் டப்பா வண்டி ஃபார்கோ போய்க் கொதிக்காம திரும்பி வரட்டும். அன்னிக்கே மூட்டை கட்டுறேன்."

கழுத்தில் தொங்கிய சாவியைத் தடவிக்கொண்டேதான் சொன்னாள். அது சர்ச்சின் நிலவறைச் சமையலறைச் சாவி. ஊரில் யார் செத்தாலும் சர்ச்சில் நடக்கிற விருந்தில் யாருடைய உருளைக்கிழங்குத் தட்டு முன்னால், யாருடையது மூலையில் என்று தீர்மானிக்கிற சாவி. அதற்காக ஆர்டிஸ் காத்திருந்த காலத்தில் பாதிரியார்களே மாறிப் போனார்கள். முந்தைய சாவிக்காரி செத்துத்தான் கொடுத்தாள், இந்த வசந்தத்தில்.

செல்மர் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். அவருடைய ஜெர்மன் டீசல் கார் நாற்பது வயசுக்கிழம்தான். ஆனால் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. ஃபார்கோவுக்குக் கிளம்பிய முதல் பயணத்திலேயே நின்றது. பாதி வழியில், சோளக்காட்டோரம், பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியது.

எங்கள் ஊரில் இது கேலிக்கூத்து. ஜனவரியில் இங்கே டீசல் வண்டிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைச் சொருகிக் காற்றை மறைத்தால்தான் எஞ்சினுக்குச் சூடே ஏறும். பக்கத்து வீட்டு ஓர்வல் தன் அட்டைக்குக் கறுப்புப் பெயின்ட் வேறு அடித்து வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வண்டி கொதிக்கிறது!

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த சிக்னி வந்து பார்த்தாள். ஐம்பது வயசு, கல்யாணம் ஆகாதவள், எஞ்சின்களோடு மட்டும் இனிமையாகப் பேசுவாள்.

"எஞ்சினோட சேந்து சுத்துற பழைய ஃபேன். இதோட பிடிப்பு தளந்திருக்கலாம். கழட்டிப் போட்டுட்டு கரண்டுல ஓடுற ஃபேன் ரெண்டு வச்சிருவோம்."

பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு வேனின் இரட்டை ஃபேன் வந்தது. மாட்டினார்கள். வீட்டு வாசலில் மணிக்கணக்காக எஞ்சினை ஓடவிட்டார்கள். சூடு காட்டும் ஊசி பாதியைத் தொட்டதும் ஃபேன் விர்ரென்று கிளம்பும், ஊசி பயந்து இறங்கும். செல்மர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை தட்டினார்.

மறுநாள் ஃபார்கோவுக்குக் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் பானெட்டைத் தூக்கி, கண்ணாடி கழுவுகிற நீரை ஊற்றி வைப்பது ஆர்டிஸின் பொறுப்பு. "வண்டியத் திட்டுறா, ஆனா கவனிப்பு குறையல பாரு" என்று செல்மர் ஓர்வலிடம் பெருமைப்பட்டார்.

தானியக் கிடங்கைத் தாண்டியதும் கொதித்தது.

"கிட்டப் போகாதே செல்மர், ஆவி மூஞ்சில அடிக்கும்!" என்று ஆர்டிஸ் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் பானெட்டைத் தூக்கி, ஒட்டியிருந்த பூச்சிகளை ஈரத்துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தாள்.

சிக்னி தலையைச் சொறிந்தாள். "கரண்டு பத்தல போலிருக்கு. இந்தக் கிழட்டு வண்டிக்குக் கரண்டு தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் சின்னது. பெருசு மாட்டணும்."

பெருசு மாட்டினார்கள். அதன் பாரம் தாங்காமல் பெல்ட் பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. தெருவில் ஒருவரும் காலையில் அலாரம் வைக்கத் தேவையில்லாமல் போயிற்று. அப்போதும் கொதித்தது. பெல்ட்டை முறுக்கினார்கள். "ஃபேன் லேட்டா கிளம்புது, அதான்" என்று செல்மர் ஒரு சுவிட்ச் வைத்து எப்போதும் சுழலும்படி செய்தார்.

நாலாவது பயணத்தில் முறுக்கிய பெல்ட் அறுந்தது. பேட்டரி தீர்ந்தது, ஃபேன் இரண்டும் நின்றன. ஆனால் பழைய டீசல் எஞ்சினுக்குக் கரண்டு எதற்கு? அது பாட்டுக்கு ஓடி, அது பாட்டுக்குக் கொதித்து, ரேடியேட்டரையும் பிளந்துகொண்டது.

"பழைய ஃபேன் இருந்திருந்தா சுத்திக்கிட்டே இருந்திருக்கும்" என்றாள் சிக்னி, மெதுவாக.

"இப்ப சொல்றியேம்மா" என்றார் செல்மர்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "விடு ஆர்டிஸ். அரிசோனா நம்ம தலையில எழுதல."

"நான் என்ன செல்மர் பண்ணட்டும்? நான் வரமாட்டேன்னா சொன்னேன்? வண்டி இப்படிப் பண்ணுதே." அவர் கையைத் தட்டிக்கொடுத்து, கோழி சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இலை உதிர ஆரம்பித்ததும் செல்மர் வண்டியைச் சிக்னிக்கே கொடுத்துவிட்டார். அவள் வேறு ரேடியேட்டர் போட்டாள், பெல்ட்டைச் சரி பண்ணினாள். அந்த இரட்டை ஃபேனை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டாள். பாலைவனம் பார்க்க ஆசை என்று அரிசோனாவுக்குக் கிளம்பினாள். செல்மர் தம்பிக்கு ஒரு பெட்டி நிறையத் தூண்டில் சாமான் அவளிடம் கொடுத்தனுப்பினார்.

ஒரு வாரத்தில் சிக்னியிடமிருந்து போன் வந்தது. "செல்மர், ஊசி பாதியத் தாண்டவே இல்ல! மலையேறும்போதுகூட. இந்த வண்டிக்கு உங்க மேல ஏதோ கோபம்."

செல்மர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் காலியான கார் ஷெட்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

சிக்னி திரும்பவே இல்லை. நவம்பரில் நன்றித் திருநாள் வான்கோழி விருந்து முடிந்த கையோடு வெர்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அண்ணனுக்காகப் பேசி வைத்த பக்கத்து வீட்டில் இப்போது அவளுடைய பட்டறை நடக்கிறதாம்.

டிசம்பரில் முதல் கடுங்குளிர் இறங்கியது. ஆர்டிஸ் ஒரு சாவு விருந்தைக் கவனிக்கச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். செல்மர் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு இருமிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஓர்வல். மீசையில் பனி.

"ஆர்டிஸ் இல்லையா? பரவால்ல, உன்கிட்டயே கேக்கறேன். தப்பா நினைக்காதே செல்மர்."

"சொல்லு."

"என் ரேடியேட்டர் அட்டைய அவ இரவல் வாங்கிட்டுப் போனா, இன்னும் தரல. எனக்கு இப்ப வேணும். ஜூன் மாசம் இது எதுக்கும்மான்னு கேட்டா மரியாதையா இருக்காதுன்னு நானும் கேக்காம குடுத்துட்டேன்."