ஹெட்லைட் அண்ணாச்சி ஒட்டிய கண்ணாடி

இனிப்புப் பெட்டியில் முக்கியமானது அதன் மூடிதான், இனிப்பெல்லாம் சும்மா கூட வருவது என்று நம்பிய ஒரே மனிதர் ஹெட்லைட் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. டில்லி துவாரகாவில் நாங்கள் இருவரும் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். வேலை போக மீதி நேரமெல்லாம், உள்ளங்கை அளவு மாடல் கார்களில் உடைந்துபோன முன்கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் பதிலாகப் புதிது செய்து போடுவார்.

தீபாவளிக்கு வரும் காஜு கத்லி வாட்ச்மேனுக்குப் போய்விடும். பளபளவென்ற பிளாஸ்டிக் மூடியை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்தக் குமிழு டாக்சி ஹெட்லைட்டுக்கு ஆகும் தம்பி. சீக்கிரம் முழுங்கு" என்றார்.

அப்படிப்பட்டவரை ஆர்.கே.புரத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனது என் தலையெழுத்து. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வர முடியவில்லை. பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும் என்றார்கள். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று மெட்ரோவில் வேண்டிக்கொண்டே போனேன்.

"அண்ணாச்சி, கார் பேச்சு மட்டும் வேண்டாம்."

"அச்சா, அச்சா. நான் ஏன் பேசுதேன்?"

பெண்ணின் அப்பா மத்திய அரசில் பெரிய அதிகாரி. ஷோகேசில் ஒரு வெள்ளை அம்பாசடர் மாடல். அண்ணாச்சி உட்காரக்கூட இல்லை.

"யாரு சார் இதுக்கு சூப்பர் க்ளூ போட்டது? கண்ணாடி பூரா வெள்ளையா பூத்துட்டுல்லா. டிரைவருக்கு ரோடு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன்" என்றார் அதிகாரி. சம்பந்தம் அத்தோடு போயிற்று என்று நான் முடிவுகட்டினேன்.

அதற்குள் நாங்கள் கொண்டுபோன இனிப்புப் பெட்டியின் மூடி அண்ணாச்சி கையில் இருந்தது. கத்தரிக்கோல் கேட்டார். பழைய கண்ணாடியை மெல்ல நெம்பி எடுத்து, அதே அளவில் புதிதாக வெட்டி, வெந்நீர் ஊற்றிய டம்ளர்மேல் வைத்து வளைத்தார். காய்ந்தால் நிறமே தெரியாத வெள்ளைப் பசையைப் பையிலிருந்து எடுத்து, பல்குச்சியால் தொட்டு ஓரங்களில் தடவிப் பொருத்தினார்.

"காயுத வரைக்கும் யாரும் எந்திரிக்கப்பிடாது. அதிர்ந்தா கோணிக்கிடும்."

ஊருக்கெல்லாம் உத்தரவு போட்ட அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெரியவர்கள் இருவரும் காரையே பார்த்துக்கொண்டிருக்க, காபி கொண்டுவந்து உட்கார்ந்த பெண்ணையும் என்னையும் கவனிக்க ஆளில்லை.

"அவர் எப்பவும் இப்படித்தானா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்ல."

சிரித்தாள். அப்புறம் நாங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. காபியோடு முடிய வேண்டிய பெண் பார்ப்பு, ரசம் சாதம் வரை போனது. கடைசியில் அதிகாரி காரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு. எங்களுக்குச் சம்மதம்னு பையன் வீட்டுல சொல்லிடுங்க" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது கேட்டேன். "பசை காய இவ்வளவு நேரமா அண்ணாச்சி?"

"அது அரை மணியில பிடிச்சிட்டு. அப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிருந்தீங்க. அதான் இன்னும் காயலன்னுட்டேன்."

அண்ணாச்சி இப்போது மாற்றலாகிக் கொச்சியில் இருக்கிறார். எங்கள் வீட்டில் இனிப்புப் பெட்டி வந்தால் என் மனைவி முதலில் மூடியைத்தான் கழுவி எடுத்துவைக்கிறாள். அலமாரியில் துணி வைக்க இடமில்லை. அவர் ஒருநடை வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் தேவலை. நாலு நாள் தங்கிவிட்டுப் போனால் இன்னும் தேவலை.