போர்டில் ஒட்டிய மாப்பிள்ளை

"அங்கிள், கம்ப்யூட்டர்ல நீங்க இன்னும் புஜாங்லா."

ஈப்போ பதிவிலாகாவின் கவுண்டரில் இருந்த புனிதா இதைச் சொன்னதும் உடையப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாராவது இளைஞனைச் சொல்கிறாளோ என்று. அவருக்கு வயது அறுபத்து நாலு.

"யாரும்மா புஜாங்?"

"நீங்கதான். கல்யாணமே ஆகாதவர்னு இருக்கு. ஆன்ட்டியும் அப்படித்தான் இருக்காங்க."

பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நவமணி, சுவரில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள்.

"என்னம்மா பேசற? எண்பத்தஞ்சுல, சுங்கை சிப்புட் பக்கத்துல எங்க தோட்டத்துக் கோவில்ல தாலி கட்டுனேன். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியே வந்து சாப்பிட்டுட்டுப் போனாரு!"

"சாப்பிட்டாரு சரி. கல்யாணத்தப் பதிஞ்சீங்களா?"

உடையப்பன் யோசித்தார். பதிய வேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பால்மரம் வெட்டப் போனார். அடுத்த வாரம் மழை. அப்புறம் மகள் பிறந்தாள். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், குடியிருந்த லயத்தை இடித்தார்கள், அவர் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இத்தனை வருடமும் 'நாளைக்குப் போலாம்' என்று ஒரு வேலை பாக்கி இருந்தது உண்மைதான்.

இப்போது அதைத் தோண்டி எடுத்தது பேத்தி. ஒரே மகள் தினேஸ்வரி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். குழந்தைக்கு நாலு மாதம். தினேஸ்வரி வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையை வேறு யாரிடமோ விட வேண்டும் என்று கேட்டதிலிருந்து உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றுலா விசாவில் போனால் கொஞ்ச நாளில் திரும்ப வேண்டும். தாய் தகப்பனுக்கென்று நீண்ட நாள் விசா இருக்கிறது, தகுதி இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள் என்றாள் மகள்.

போன வாரம் இருவரும் போனார்கள். ஏஜெண்ட் ஆபீசுக்குள் நுழைந்தது நவமணி மட்டும்தான். வேன் நிறுத்த இடம் கிடைக்காமல் உடையப்பன் அந்தத் தெருவையே வலம் வந்துகொண்டிருந்தார். ஊரில் கோவிலைக்கூட அவர் அத்தனை முறை சுற்றியதில்லை. வெளியே வந்து வேனில் ஏறிய நவமணி ஒரே வரிதான் சொன்னாள்.

"கல்யாணப் பத்திரம் வேணுமாம்."

அதனால்தான் இந்தக் கவுண்டர்.

"சரிம்மா, இப்ப பதிஞ்சு குடு. எங்க சைன் வைக்கணும்?"

"அப்படில்லாம் உடனே முடியாது அங்கிள். மூணு வாரம் போர்டுல நோட்டீஸ் ஒட்டுவோம். யாருக்காச்சும் ஆட்சேபனை இருந்தா வந்து சொல்லலாம்."

"எனக்கு யாரும்மா ஆட்சேபனை சொல்லப் போறா?"

நவமணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒட்டட்டுங்க. பாப்போம்."

போட்டோ கேட்டார்கள். உடையப்பன் கடைக்குப் போய், வேர்த்த முகத்தோடு உட்கார்ந்து, ஒரே நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். நவமணி மறுநாள் வருகிறேன் என்றாள். அழகு நிலையத்துக்குப் போனாள். முடிக்குச் சாயம், புருவம் திருத்தல், மூக்குக் கண்ணாடி இல்லை. நோட்டீசில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் ஏறியபோது, பெண்ணைப் பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள், கோவில் பொருளாளர் பத்துமலை தொலைந்துபோன அடையாளக் கார்டுக்கு மனுப் போட அங்கே வந்தார். காத்திருந்த நேரத்தில் போர்டைப் படித்தார். படித்ததைப் படம் எடுத்தார். எடுத்ததைக் கோவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

'நமது துணைத்தலைவர் உடையப்பன் அண்ணனுக்குக் கல்யாணம்! பொண்ணு யாருன்னு தெரியல.'

'பேரு நவமணின்னு போட்டிருக்கே?'

'அதான் மூளை. கூப்பிடும்போது வாய் தவறக் கூடாதுன்னு அதே பேருல தேடிப் பிடிச்சிருக்காரு.'

சாயங்காலம் நவமணியின் தம்பி மகேந்திரன் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் நுழைந்தான்.

"மாமா, என் அக்காவுக்கு ஒரு பதிலச் சொல்லுங்க!"

"டேய், அது உன் அக்காதான்டா!"

"எது?" மகேந்திரன் கைப்பேசியை நீட்டினான். "இந்தப் பொம்பளையா என் அக்கா?"

நவமணி கோப்பியோடு வந்து நின்றாள். மகேந்திரன் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தான்.

"அக்கா, நீயா? இவ்வளவு அழகா இருக்கியே!"

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் நவமணி, கணவரிடம்.

உடையப்பனுக்கு அது காதில் விழவில்லை. குழுவுக்கு விளக்கம் சொல்ல அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். கைப்பேசியை வாய்க்கு அருகில் பிடித்து, கோவில் ஒலிபெருக்கியில் பேசுவதுபோல் பேசினார்.

"பக்தகோடிகளே, யாரும் தப்பா நினைக்க வேணாம். நான் கட்டப் போறது என் பொண்டாட்டியத்தான். நாங்க இன்னும் கல்யாணம் பண்ணிக்கல, அவ்வளவுதான் விஷயம்."

அனுப்பிவிட்டு ஒரு முறை போட்டுக் கேட்டார். கடைசி வாக்கியம் அவருக்கே கொஞ்சம் இடித்தது. அழிக்கலாம் என்று நினைப்பதற்குள் புந்தோங் முழுக்கக் கேட்டுவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நம் பிள்ளைகள் முதலில் கல்யாணத்தைப் பதிந்துகொள்கிறார்கள். மண்டபமும் நல்ல நாளும் கிடைத்துத் தாலி கட்ட ஒரு வருடம்கூட ஆகிவிடும். அதுவரை பையன் பெண் வீட்டு வாசலோடு நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் உடையப்பனைவிடக் கண்டிப்பான ஆள் கோவில் கமிட்டியில் கிடையாது. 'சைன் வச்சா மட்டும் புருஷன் பொண்டாட்டி ஆயிட முடியாது, முறைன்னு ஒண்ணு இருக்கு' என்று போன திருவிழாவில் மைக் பிடித்துப் பேசியவர் அவர். அன்று அந்தப் பேச்சில் அடிபட்டவன் கோகிலன் என்ற பையன். பதிந்து எட்டு மாதமாக வாசலோடு நிற்கிறான். அவன் பதில் போட்டான்.

'தலைவரே, நான் தாலி கட்டாததால வெளிய நிக்கிறேன். நீங்க சைன் வைக்காம இத்தனை வருஷமா உள்ள இருக்கீங்க. முறைப்படி யாரு வெளிய வரணும்?'

அதற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள். பூசாரியும் தட்டியிருந்தார்.

"அந்தப் பையன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் நவமணி. அறைக்குள் போய்ப் பையில் நாலு சேலையை அடுக்கிக்கொண்டு வந்தாள். "தம்பி, வண்டிய எடு. பதியற வரைக்கும் நான் பொண்ணு வீட்டுல இருக்கேன்."

"நவமணி, வெளையாடாத லா!"

"யாரு வெளையாடறா? கல்யாணம் ஆகாத பொம்பள, பேர் கெட்டுப் போயிடும்."

அறுபது வயதுப் பெண் தம்பியின் மோட்டார் சைக்கிளில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனதைத் தெருவே பார்த்தது.

முதல் நாள் உடையப்பன் வைத்த சோறு கஞ்சியானது. இரண்டாம் நாள் தண்ணீரைக் குறைத்தார், அரிசியாகவே இருந்தது. தினேஸ்வரி கூப்பிட்டு, "அப்பா, தயவுசெஞ்சு எதையும் சரி பண்ணாதீங்கப்பா. நீங்க சரி பண்ணப் பண்ணத்தான் கெட்டுப் போகுது" என்றாள். திரையில் பேத்தி அவருடைய மீசையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அதைச் சமாதானப்படுத்த எப்போதும் பாடுகிறவள் சுங்கை சிப்புட்டில் இருந்தாள்.

மகேந்திரனுக்குப் போன் போட்டார்.

"உங்க அக்கா நோட்டீஸ் முடிஞ்சதும் சைன் வைக்க வருவாதானே?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா? பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க. முறைப்படி வந்து கேளுங்க. தட்டோட வாங்க."

உடையப்பன் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, சேலை எல்லாம் வாங்கித் தனித்தனித் தட்டில் வைத்துக்கொண்டு போனார். மகேந்திரன் வாசலிலேயே எண்ணினான்.

"நாலு தட்டா? ரெட்டப்படையில யாராச்சும் பொண்ணு கேப்பாங்களா?"

உடையப்பன் வேனுக்கு ஓடினார். வழியில் கொறிக்க வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மூடியில் கொட்டி எடுத்து வந்தார்.

"இது பாதி தின்னதுலா மாமா."

"பாக்கியும் ருசியாத்தான் இருக்கும்டா. வாங்கிக்க."

உள்ளேயிருந்து நவமணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் அவள் வெளியே வரவில்லை. "சம்மதமா இல்லையான்னு கவுண்டர்ல வந்து சொல்றேன்னு சொல்லு" என்று குரல் மட்டும் வந்தது.

பதிவு நாள் வந்தது. நவமணி அவர் தட்டில் கொண்டுபோன சேலையைக் கட்டியிருந்தாள். உடையப்பனுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. சாட்சிக்கு மகேந்திரனும், பரிகாரமாகப் பத்துமலையும் வந்திருந்தார்கள். அதிகாரி மலாயில் கேட்டதைப் புனிதா தமிழில் சொன்னாள்.

"அங்கிள், இவங்களை மனைவியா ஏத்துக்கச் சம்மதமா?"

"சம்மதம், சம்மதம். எப்பவோ சம்மதம்."

"ஆன்ட்டி, உங்களுக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன்."

பின்வரிசையில் காத்திருந்த இளம் ஜோடி ஒன்று கையைக் கோத்துக்கொண்டது.

"ஆன்ட்டி, இங்க யோசிக்க முடியாதுலா. வரிசை நிக்குது."

"எனக்கும் தெரியும்மா. அன்னைக்கு எங்க அப்பாவும் இவங்க அப்பாவும், காலையில வேலைக்குப் பேர் கூப்பிடற பெரட்டுக் களத்துல நின்னு பேசி முடிச்சாங்க. சாயங்காலம் வந்து சேதி சொன்னாங்க. சம்மதமான்னு என்னை இப்பத்தான் முதல்ல ஒரு ஆள் கேக்குறா, அதுவும் நீ. இவரை ஒரு தடவ கேக்கச் சொல்லு."

உடையப்பனுக்கு வேர்த்தது. "நவமணி, விசாவுக்காகவாவது..."

"விசாவுக்காகவா?"

"இல்ல இல்ல. வீட்டுல சோறு..."

"சோத்துக்காகவா?"

பத்துமலை அவர் விலாவில் இடித்தார். உடையப்பன் கைக்குட்டையை எடுத்து, துடைக்காமலே திரும்ப வைத்தார்.

"சாயங்காலம் கோப்பி கலக்குறேன். ரெண்டு கப்புல ஊத்திடுறேன். அப்புறம்தான் ஞாபகம் வருது, நீ இல்லன்னு. எனக்கு வேற யார்கிட்டயும் பேச வரல புள்ள. என்னைக் கட்டிக்கிறியா?"

நவமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி. பேனாவக் குடுங்க."

மறுநாள் உடையப்பன் ஏஜெண்ட் ஆபீசுக்குக் கிளம்பினார். அதிசயமாக, வாசலுக்கு நேராகவே வேன் நிறுத்த இடம் கிடைத்தது.

"நீங்க இறங்க வேணாம், வெயிலு. நானே போய்க் குடுத்துட்டு வரேன்" என்றாள் நவமணி.

"அதெல்லாம் முடியாது. கல்யாணமான மறுநாள், ஜோடியாத்தான் போகணும்."

உள்ளே மேசையில் இருந்த சாந்தினி என்ற பெண்ணிடம், பிளாஸ்டிக் உறை போட்ட கல்யாணப் பத்திரத்தை உடையப்பன் இரண்டு கையாலும் நீட்டினார்.

"எவ்வளவு பாடுன்னு கேளும்மா! ஊரே சிரிச்சுது, வீட்டுல அடுப்பு எரியல, பொண்ணு கேட்டு அலைஞ்சேன். இருந்தாலும் நீங்க கேட்டதக் கொண்டாந்துட்டேன்."

சாந்தினி பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நவமணி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நிற்கும் வேனை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது எதுக்கு அங்கிள்? மகளோட பிறப்புப் பத்திரத்துல உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கு, அதுவே போதும், கல்யாணப் பத்திரம் தேவையே இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே, ஆன்ட்டிகூட ரெண்டு தடவ கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டுத்தான் போனாங்க!"