ஜோடியா வந்தாத்தான் மெத்தை

வாங்க வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்புவதற்கென்றே இந்த உலகத்தில் ஒருவர் கடை திறந்தார் என்றால், அது எங்கள் ஒரகடம் ஜோடி அக்காதான். மெத்தைக் கடை. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் படுக்கிற மெத்தை வேண்டுமென்றால் இரண்டு பேரும் வரவேண்டும், படுத்துப் பார்க்கவேண்டும். ஒற்றை ஆளாகப் போனால் விலைகூடச் சொல்ல மாட்டார். "ஜோடியா வா" என்று வாசலைக் காட்டுவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

ஜோடியாகக் கடைக்குப் போகிற ஊரா இது? சுற்றிலும் கம்பெனிகள். புருஷனுக்கு ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டிக்கு ஒரு ஷிஃப்ட். கல்யாண போட்டோவில் சேர்ந்து நின்றதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டால் கடை எப்படி ஓடும்? அக்கா பெரும்பாலும் தன் சரக்கின் மேலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஒரு சூப்பர்வைசர் தனியாக வந்து மாட்டிக்கொண்டார்.

"ஒய்ஃப்புக்கு டூட்டிக்கா. மெத்தைதானே, நானே பாத்து எடுத்துக்கறேன்."

"இன்னா, நீயே பாத்து எடுப்பியா? தாலியும் உனக்கு நீயே கட்டிகினியா?"

மண்ணூரிலிருந்து ஒரு பெரியவர், மகளுக்குச் சீர் கொடுக்க மெத்தை கேட்டு வந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து வரச் சொன்னார் அக்கா. "நாளைக்குத்தாம்மா கல்யாணமே!" என்று அலறினார் அவர். "அப்ப கல்யாணம் முடிச்சி இட்டுகினு வா. அதுவரைக்கும் பாய்ல படுக்கட்டும், செத்துட மாட்டாங்க." பெரியவர் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே ஷேர் ஆட்டோ ஏறினார்.

தப்பித்தவறி ஜோடியாக வந்தவர்களுக்கும் சோதனைதான். "யாரு சுவத்து ஓரம்? யாரு பொரள்ற ஆளு? கட்டில் சத்தம் போடுதா?" செருப்புக் கடையில் கால் அளவு கேட்பதைப் போலக் கேட்பார். ஆனால் குரல் எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும் போகும். அங்கே வடை கடிப்பவர்கள் பதில் தெரியும்வரை மெல்ல மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் போனேன் என்றால், என் பாடு அப்படி. வடக்குப்பட்டில் மாமியார் வீடு. அவர்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. கட்டில் இரும்பு, பெருமூச்சு விட்டாலே கிறீச்சென்னும். அது கிறீச்சென்றால் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் இருமுவார். பஞ்சு மெத்தையோ நடுவில் குழி விழுந்தது. என் வீட்டுக்காரர் சேகர் கனமான ஆள். அவர் படுத்தால் நான் உருண்டுபோய் அவர் முதுகில் முட்டிக்கொள்வேன். முட்டினால் கிறீச். கிறீச்சென்றால் இருமல்.

அதுவும் ஆரம்பத்தில்தான். பிறகு எனக்குப் பகல் ஷிஃப்ட், அவருக்கு இரவு ஷிஃப்ட் என்றாகிவிட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமையிலும் யாராவது ஒருவருக்கு ஓ.டி. வந்துவிடும். ஒரே அறையை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். அவர் முகத்தையே மறந்துவிடுவேனோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மாமியார் வேறு, "டாக்டராண்ட போய்ப் பாக்கலாமா?" என்று ஆரம்பித்துவிட்டார். முகத்தையே பார்க்காதவர்களுக்குக் குழந்தை பிறக்க டாக்டர் என்ன செய்வார்?

அக்கா என்னிடமும் வாசலைக் காட்டினார். நான் விடவில்லை. வீடியோ கால் போட்டு சேகரைக் காட்டினேன்.

"போனையா பக்கத்துல படுக்க வெச்சிக்கப் போற?" என்றவர், போனைப் பிடுங்கி நேராக அவரிடமே கேட்டார். "தம்பி, உங்க வூட்டுக் கட்டில் சத்தம் போடுதா, இல்லியா?"

சேகர் அப்போது கம்பெனி பஸ்ஸில் இருந்தார். ஸ்பீக்கரில் இருந்தார். பஸ் நிறைய ஆள். லைன் கட்டானது. அன்றிலிருந்து கம்பெனியில் அவருக்கு 'கட்டில்' என்றே பெயர்.

அவர் கோபத்தில் என்னோடு பேசவே மாட்டார் என்று நினைத்தேன். மனுஷன் யாரிடமோ கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "வா, போலாம். அவமானப்பட்டதுதான் பட்டாச்சு, மெத்தையாவது மிஞ்சட்டும்."

நானும் அரை நாள் லீவு போட்டேன். மத்தியானம் போனோம். கடையின் பின்பக்கம் திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார் அக்கா. திரும்பு, எழுந்திரு, மறுபடி படு என்று எங்களைத் தோசை மாதிரி புரட்டி எடுத்தார். அடியில் தேங்காய்நார், மேலே ஃபோம். சேகர் பக்கம் மட்டும் நாரைக் கெட்டியாக வைத்தார். இப்போது அவர் புரண்டாலும் நான் உருளவில்லை.

"கட்டில் காலுக்கு அடியில சைக்கிள் டியூப்பை வெட்டி வை. தம்பி, இன்னா வேலை?"

"ஃபிட்டருக்கா."

"அடப்பாவி! ஃபிட்டரா இருந்துகினு வூட்டுக் கட்டில்ல போல்ட்டு டைட் பண்ணத் தெரிலியா உனக்கு?"

சேகர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தனியா படுத்தா அது சத்தமே போடாதுக்கா."

அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். முதல்முறையாக அவருடைய குரல் டீக்கடைக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது. "சும்மா படுத்துப் பேசிகினு இருங்க. டீ குடிச்சிட்டு வரேன்" என்று திரையை இழுத்துவிட்டுப் போனார்.

என்ன பேசினோம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. "இளைச்சிட்டியா?" என்றார். "நீங்கதான் தொப்பை போட்டீங்க" என்றேன். என் கையை எடுத்துத் தன் தொப்பை மேல் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. சேகர் என் தோளில் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டீக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்து வந்து பார்த்தால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கு வெளியே அக்கா ஸ்டூல் போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரில் நாலு கால்கள்.

"உள்ள ஆளு தூங்குது. நாளைக்கு வாங்க."

"அக்கா, பர்மிஷன் போட்டுட்டு வந்துருக்கோம். நீங்க சொன்ன மாதிரி ஜோடியாத்தானே வந்துருக்கோம்!"

"மெதுவா பேசு. அதுங்களும் ஜோடிதான்."

ஜோடியாக வந்தவர்களை ஜோடி அக்கா திருப்பி அனுப்பியது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான்.