மலைக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு

உலகத்துக் கணினித் திருடர்கள் அத்தனை பேரும் அமெரிக்காவை ஒதுக்கிவிட்டு, முதல் மரியாதையைக் கல்வராயன் மலைக்குத்தான் செய்திருக்கிறார்கள் என்று மைக்கில் முழங்கினார் வெற்றிசெல்வன்.

மலைமேல் கணினி மையம் நடத்துகிறவர் அவர். ஊரார் எல்லாருக்கும் இணையக் கணக்கு தொடங்கிக் கொடுத்த வள்ளல். அத்தனைக்கும் அவருடைய ஒரே மின்னஞ்சல். ஒரே பாஸ்வேர்டு, 'மலை123'. மறந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை என்றால் திருப்பித் தரவேண்டும்; இதைத் தரவும் வேண்டாம். இப்படியொரு சமத்துவத்தை எந்தச் சட்டமும் இந்த மலைக்குக் கொண்டுவந்ததில்லை!

அன்றைக்கு மையத்து வாசலில் பந்தல், பன்னீர் சோடாவுடன் 'கடவுச்சொல் திருட்டு விழிப்புணர்வு மாநாடு'. வெற்றிசெல்வன் தம் மின்னஞ்சலை, கசிந்ததா என்று பார்க்கும் இணையத் தளத்தில் தட்டினார். திரை சிவந்தது. 'கசிந்துள்ளது.'

"கைதட்டுங்க! ஒருத்தர் வுடாம எல்லாரோடதும் போயிடுச்சு!"

தட்டினார்கள். சாமை விதைக்கிற பச்சமுத்து மட்டும் கையைக் கட்டிக்கொண்டார்.

"நம்மகிட்ட இன்னா இருக்குது தம்பி, எவனாவது வந்து எடுக்க? சும்மா கத வுட்டுக்கினு கீற."

"பச்சமுத்தண்ணே, மாநாட்டுல குறுக்க பேசாதீங்க."

அதற்குள் மையத்தின் உள்ளேயிருந்து ஓடிவந்தாள் பச்சமுத்துவின் மகள் சங்கவி.

"அப்பா! நர்சிங் கவுன்சிலிங்ல நான் சென்னை காலேஜ்தான் மொதல்ல போட்டிருந்தேன். இப்ப கள்ளக்குறிச்சின்னு கீது. யாரோ பூந்து மாத்திட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணியோட மாத்தற டைமு முடிஞ்சிடும்!"

வெற்றிசெல்வனுக்கு மெய்சிலிர்த்தது. மாநாட்டுக்கு ஆதாரமே நேரில் வந்துவிட்டதே!

"வெளிநாட்டுக்காரன் வேலம்மா இது. பயப்படாத." உடனடி நடவடிக்கையாக ஒலிபெருக்கியை இன்னும் கூட்டினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே ரகசிய பாஸ்வேர்டு, மலை124!"

எதிர்ச்சரிவு ஊர்க்காரர்களும் பயன்பெற்றார்கள்.

சங்கவி விறுவிறுவென்று திரும்பினாள். உள்ளே போய், துப்பட்டாவால் கீபோர்டை மூடிக்கொண்டு தனக்கென்று ஒரு பாஸ்வேர்டைப் போட்டாள். சென்னையைத் திரும்ப முதலிடத்தில் ஏற்றினாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"ஊரு ஒத்துமைய ஒடைக்கிறியேம்மா!" வெற்றிசெல்வன் மைக்கிலேயே முறையிட்டார்.

சங்கவியின் அம்மா சாலம்மாள் சோடா புட்டியைக் கீழே வைத்தாள். "ஏன் தம்பி, எம் பொண்ணு தெனம் பஸ்ஸு புடிச்சி பொழுதோட வூடு வந்து சேரணும்னு வெளிநாட்டுக்காரனுக்கு இன்னா அவ்ளோ அக்கற?"

கேட்டது வெற்றிசெல்வனை. பார்த்தது புருஷனை.

பந்தல் முழுக்கப் பச்சமுத்து பக்கம் திரும்பியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்; எடுத்தார்; மறுபடி போட்டார்.

"சரி, ஒத்துக்கிறேன். திருட்டு நடந்தது நெஜந்தான்" என்றார். "ஆனா தம்பி, நான் பூட்ட ஒடைக்கல. நீ வூட்டுக்கு வூடு குடுத்த சாவியிலதான் தொறந்தேன்."