ஹீட்டர் ஆய்வில் உள்ளது

காரின் ஹீட்டரைத் தன் கையாலேயே சரிசெய்வதென்று கண்காணிப்பாளர் முடிவெடுத்தபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத மனிதர். அலுவலகத்தில் பதினெட்டுப் பேரைக் கண்காணிக்கிறவர், வீட்டில் அடுப்பிலிருக்கும் பாலைக்கூட ஒழுங்காகக் கண்காணித்ததில்லை.

காருக்குப் பதினேழு வயது. ஹீட்டரைப் போட்டால் விசிறி சுற்றும், காற்றும் வரும், ஆனால் வருவது வெளியில் அடிக்கும் அதே பனிக்காற்று. டாஷ்போர்டின் காற்றுத் துவாரங்களில் இரண்டு தகடுகள் வேறு உடைந்திருந்ததால், அந்தக் குளிர் நேராகப் பக்கத்து சீட்டில் இருப்பவரின் மூக்கில்தான் போய் மோதும். அந்த மூக்கு அவர் மனைவியுடையது.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவாரு," என்றாள் அவள்.

"மெக்கானிக்னா இல்லாத கோளாறெல்லாம் சொல்வாரு. நானே பார்க்கறேன்."

"நீங்களா?"

"ஏன், நான் பார்த்தா ஹீட்டர் வெட்கப்படுமா?"

"அதுக்கில்ல. எங்கம்மா இந்தக் குளிர்காலம் மூணு மாசமும் நம்மகூட இருக்கப் போறாங்க. நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும், நாலு மணி நேரப் பயணம். ஹீட்டர் இல்லாத வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டாங்க, மூட்டுவலி."

இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் மெக்கானிக்கை வண்டிப் பக்கமே அண்டவிடவில்லை. போன குளிர்காலத்தில் மாமியார் பதினைந்தே நாள்தான் இருந்தார். அதற்குள் ஜன்னலோர நாற்காலி அவருடையதாகிவிட்டது. டிவி ரிமோட் அவர் மடிக்குக் குடிபோய்விட்டது. "முதல்ல மாப்பிள்ளையோட வயிறு வருது, அப்புறம்தான் மாப்பிள்ளை வர்றாரு" என்று அக்கம்பக்கத்தில் ஒரு கருத்தும் பரவிவிட்டது. இதே கணக்கில் மூன்று மாதம் போனால் அவருக்கென்று வீட்டில் மிஞ்சுவது செருப்பு வைக்கும் இடம் மட்டும்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே, டாஷ்போர்டில் சாமான் போட்டுவைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவருடைய கெட்ட நேரம், கோளாறு உடனே கண்ணில் பட்டது. சூடான காற்றுக்கு வழிவிடும் சின்னக் கதவை ஒரு மெல்லிய கம்பி இழுக்க வேண்டும். அந்தக் கம்பி கொக்கியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினார். சுடச்சுடக் காற்று வந்தது. பதறிப்போய்க் கழற்றிவிட்டார்.

அதன்பிறகு நான்கு வாரம் பலத்த வேலை நடந்தது. உடைந்த தகடுகளைப் பசை போட்டு ஒட்டினார். துவாரங்களைப் பழைய பல் பிரஷால் துலக்கினார். திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துச் சமையலறைக் கிண்ணங்களில் போட்டு வைத்தார். கம்பியை மட்டும் தொடவில்லை.

"இன்னும் எத்தனை நாளாகும்?"

"நுணுக்கமான வேலை. அவசரப்பட்டா கெட்டுடும்."

"கெட்டதைத்தானே சரி பண்றீங்க?"

இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட எழுதிப்போட்டுவிடுவது பாதுகாப்பு என்று அவருக்குப் பட்டது. ஆபீஸ் பழக்கம். ஞாயிறுதோறும் ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அறிக்கை ஒட்டினார். நான்கு அறிக்கையிலும் ஒரே வரிதான்: "ஆய்வில் உள்ளது."

அங்கேதான் மனிதர் சறுக்கினார். "ஒரு ஃபைலை முடிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா, 'ஆய்வில் உள்ளது'ன்னு எழுதிடுவேன், அப்புறம் அதை யாராலும் அசைக்க முடியாது" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் பீற்றிக்கொண்டவர் அவரேதான். அவருக்கு மறந்துவிட்டது. நான்காவது அறிக்கையை அவள் இரண்டு முறை படித்தாள். ஒன்றும் பேசாமல் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் கவலைப்பட வேண்டும் என்பதை இத்தனை வருடத்தில் அவர் கற்றிருக்கலாம்.

சனிக்கிழமை காலை டீயோடு வந்தாள்.

"அம்மா போன் பண்ணாங்க. நம்ம வண்டியில வரலையாம்."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் பெரும்பாடுபட்டார். "அடடா. நான் இவ்வளவு கஷ்டப்பட்டும்..."

"தம்பி நாளைக்குத் தன் வண்டியில கொண்டுவந்து விடறானாம். மூணு மாசமெல்லாம் வேண்டாமாம், ரெண்டு நாள் போதுமாம். திரும்ப நாம கொண்டுபோய் விட்டா போதும்னாங்க."

"ரெண்டே நாளா? தாராளமா வரட்டும்."

"திரும்ப எப்படி அனுப்பறது? நம்ம வண்டியிலதான் ஹீட்டர் இல்லையே. அதனால நானே சொல்லிட்டேன், குளிர் சுத்தமா விடற வரைக்கும் இங்கயே இருங்கன்னு. நாலு மாசமோ, அஞ்சு மாசமோ."

டீ தட்டில் சிந்தியது. "அவசரப்படாத. ஹீட்டர் இன்னிக்கே சரியாயிடும்."

"நாலு வாரமா ஆகாதது?"

"ஒரு யோசனை தோணியிருக்கு."

"எப்ப?"

"இந்த நிமிஷம்தான்."

பத்தே நிமிடம். நான்கு வாரமாகப் பிரித்ததையெல்லாம் பிறகு பூட்டிக்கொள்ளலாம் என்று கம்பியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, வெற்றி வீரராக மனைவியைக் கூப்பிட்டார். கைப்பையும் சால்வையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துவாரத்துக்கும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் படிந்திருந்த பனி இளகி வழிந்தது.

"எப்படி?" என்றார்.

"நல்லாவே சுடுது," என்று சொல்லிவிட்டு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தம்பியும் வரல, யாரும் வரல. மூணு மாசத்துக்குத் துணிமணி எடுத்து வச்சுக்கிட்டு அம்மா காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்காங்க, வண்டியை எடுங்க."